மைக்ரோஃப்ளூயிடிக் சென்சார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிப்புக்குள் திரவத்தை ஓடவிட்டு அதிலுள்ள வேதிப்பொருளையோ உயிர் மூலக்கூறையோ அளக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்து நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் வெட்டுவது இதில் சுலபமான பாகம், தலைவலி எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் என்பது என் கட்சி. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்றால் என்ன?

கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர், காகிதம் என ஏதோ ஒன்றில் பத்து முதல் சில நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள வாய்க்கால்களை உருவாக்கி, மைக்ரோலிட்டர், நானோலிட்டர் அளவில் திரவத்தை அதற்குள் நடத்துவது. முடியின் தடிமன் சுமார் 70 முதல் 100 மைக்ரோமீட்டர். கண்ணால் பார்த்தால் வாய்க்கால் ஒரு கீறல் போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த வாய்க்காலில் எங்கோ ஓரிடத்தில் ஒரு மின்முனையோ, ஒளிக்கற்றையோ, ஆன்டிபாடி (குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதம்) ஒட்டிய பரப்போ இருந்து அளவைச் சொன்னால் அது சென்சார்.

இது ஆய்வகச் சமாச்சாரம்தானே, வெளியே எங்காவது பயன்படுகிறதா?

நீங்களே பயன்படுத்தியிருப்பீர்கள். சர்க்கரை அளக்கும் பட்டையின் முனையைச் சொட்டு ரத்தத்தில் வைத்ததும் அது தானாக உள்ளே ஏறுகிறதே, அது நுண்புழை விசையால் ஓடும் வாய்க்கால்தான். உள்ளே குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் ஒரு நொதி, எலெக்ட்ரான்களை மின்முனைக்குக் கடத்தும் ஒரு இடைப்பொருள், அப்புறம் மின்முனைகள். நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை கிளார்க், லையன்ஸ் இருவரும் வெளியிட்டது 1962ல். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை, கோவிட் ஆன்டிஜென் பட்டை இரண்டும் காகித மைக்ரோஃப்ளூயிடிக்ஸுக்கு மிக நெருங்கிய உறவு: நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, தங்க நானோதுகள் அல்லது நிறத்துகள் ஒட்டிய ஆன்டிபாடி, பம்ப் எதுவும் கிடையாது. பெரிய ஆய்வகங்களில் விலையுயர்ந்த கருவிகளோடு நடக்கும் பல சிப்புகளைவிட இந்தச் சாதாரணப் பட்டைகள் எவ்வளவோ பேருக்குப் பயன்பட்டிருக்கின்றன. துறைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார்கள்!

எப்போது தொடங்கியது?

1979ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் டெர்ரியும் உடனிருந்தவர்களும் ஒரு சிலிக்கான் தட்டில் வாயுப் பகுப்பாய்வுக் கருவியையே செதுக்கினார்கள். அது அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1990ல் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் குழு, மாதிரியை எடுப்பது முதல் முடிவைச் சொல்வது வரை முழுப் பகுப்பாய்வையும் ஒரே சிப்பில் சுருக்கலாம் என்று எழுதியதிலிருந்துதான் துறை சூடுபிடித்தது. 1998ல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பரை அச்சில் வார்த்து ஒரே நாளில் சிப் செய்யும் வழியைக் காட்டியது, தூசி புகாத சுத்த அறை இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். 2000ல் ஸ்டீபன் குவேக் குழு அதே ரப்பரில் காற்றழுத்தத்தால் மூடித் திறக்கும் வால்வுகளைச் செய்தது. 2007ல் மறுபடி வைட்சைட்ஸ் குழுவிடமிருந்தே காகிதச் சிப்.

சின்னதாக்குவதால் இயற்பியலில் என்ன மாறுகிறது?

கொந்தளிப்பு போய்விடுகிறது. 100 மைக்ரோமீட்டர் வாய்க்காலில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் நீர் ஓடினால் ஓட்டம் கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 0.1 அளவில்தான் வரும். குழாயில் ஓட்டம் கொந்தளிக்க அது ஏறக்குறைய 2000ஐத் தாண்ட வேண்டும். ஆக, சிவப்பு மையையும் நீல மையையும் இரண்டு வாயில்களில் விட்டால் நடுவில் கோடு போட்டது மாதிரி பக்கம் பக்கமாகவே ஓடும். முதல்முறை நுண்ணோக்கியில் பார்க்கும் யாரும் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்க மாட்டார்கள்.

கலக்க ஒரே வழி விரவல், அதாவது மூலக்கூறுகள் தாமாக அலைந்து பரவுவது. அதற்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். சிறிய மூலக்கூறு ஒன்று நீரில் 100 மைக்ரோமீட்டர் தூரம் விரவ 5 நொடி ஆகும் என்றால், 1 சென்டிமீட்டர் விரவ 14 மணி நேரம் ஆகும். சின்ன அளவின் முழு லாபமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. நஷ்டமும் இதில்தான்: ஆன்டிபாடி மாதிரி பெரிய மூலக்கூறு அதே 100 மைக்ரோமீட்டரைக் கடக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் திரவம் 12 சென்டிமீட்டர் ஓடிப் போயிருக்கும், உங்கள் சிப்போ இரண்டு சென்டிமீட்டர்தான் நீளம்.

அப்படியானால் வினைப்பொருளை மாதிரியோடு எப்படிக் கலப்பது?

வாய்க்காலின் தரையில் சாய்ந்த வரப்புகள் போட்டு ஓட்டத்தைப் புரளவைக்கலாம். மீன்முள் வடிவில் வரப்புகளை அடுக்கும் முறையை 2002ல் ஸ்ட்ரூக் குழு காட்டியது, இன்றும் எல்லோரும் அதைத்தான் நகலெடுக்கிறார்கள். இல்லையென்றால் ஓட்டத்தை மெல்லிய பல இழைகளாகப் பிரித்து அடுக்கலாம், அல்லது எண்ணெய்க்குள் நீர்த்துளிகளாக உடைத்து வளைவு நெளிவான பாதையில் அனுப்பலாம், துளிக்குள் தானாகச் சுழற்சி வந்துவிடும். ஒரே சிறிய மூலக்கூறை மட்டும் கலக்க வேண்டுமென்றால் வாய்க்காலைக் கொஞ்சம் நீளமாக மடித்துப் போடுங்கள், போதும், தேவையில்லாமல் சிக்கலாக்க வேண்டாம்.

மாதிரி ஒரு சொட்டு போதும் என்கிறார்களே, எவ்வளவு குறைத்தாலும் நல்லதுதானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். ஒரு புரதம் 1 ஃபெம்டோமோலார் (லிட்டருக்கு 10⁻¹⁵ மோல்) செறிவில் இருக்கிறது என்று வையுங்கள். 1 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் சுமார் 600 மூலக்கூறுகள் இருக்கும். 1 நானோலிட்டர் எடுத்தால் சராசரி 0.6, அதாவது பாதிக்குச் சற்று மேலான நேரம் ஒன்றுகூட இருக்காது. இல்லாத மூலக்கூறை எந்த சென்சாராலும் கண்டுபிடிக்க முடியாது, அது எவ்வளவு உயர்ந்த சென்சாராக இருந்தாலும் சரி. 600 மூலக்கூறு இருக்கும்போதுகூட எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கமே 4 சதவீதம் வரும், உங்கள் கருவியின் பிழை எல்லாம் அதற்கு மேல்தான். குளுக்கோஸ் ரத்தத்தில் மில்லிமோலார் (10⁻³) அளவில் இருக்கிறது, அதனால்தான் அரை மைக்ரோலிட்டரே ஏகப்பட்டது. நோயின் தொடக்கத்தில் கசியும் ஒரு புரதத்துக்கோ, ஒரு மில்லிலிட்டரில் நாலைந்து மட்டும் இருக்கும் பாக்டீரியாவுக்கோ அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிறைய மாதிரி எடுத்து முதலில் செறிவாக்கியே ஆக வேண்டும்.

இதோடு விரல் நுனி ரத்தத்தின் குணம் வேறு. விரலைப் பிதுக்கினால் திசுத் திரவம் கலக்கும், சிவப்பணுக்கள் உடையும்; சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல் என்பதால் கொஞ்சம் உடைந்தாலும் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிவிடும்.

தெரானோஸ் விவகாரம் இதுதானா?

பாதி இது, பாதி மோசடி. 2003ல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய அந்த நிறுவனம் விரல் சொட்டு ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்யலாம் என்றது. 2015ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் செய்திகளால் உண்மை வெளிவந்தது, பல பரிசோதனைகளை வேறு நிறுவனங்களின் வழக்கமான கருவிகளில், சொட்டு ரத்தத்தை நீர்க்கவைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். நீர்க்கவைத்தால் செறிவு இன்னும் இறங்கும் என்பதை மேலே பார்த்த கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். 2018ல் நிறுவனம் மூடப்பட்டது, 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்தில் ஹோம்ஸுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதற்காக இந்தத் துறையே புரட்டு என்று சொல்பவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், மொத்தமாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

எந்த முறையில் அளப்பது, ஒளியா மின்சாரமா?

முதலில் ஒளி. நிறத்தை உறிஞ்சலால் அளப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் உறிஞ்சல் ஒளி கடக்கும் தூரத்தைப் பொறுத்தது. வழக்கமான குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு பெட்டி) 1 சென்டிமீட்டர் தூரம், சிப்பில் ஆழம் 100 மைக்ரோமீட்டர், நூறில் ஒரு பங்கு. குவெட்டில் 0.5 காட்டிய கரைசல் சிப்பில் 0.005 காட்டும், அதை இரைச்சலிலிருந்து பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒளியை வாய்க்காலுக்குக் குறுக்கே விடாமல் அதன் நீளவாக்கில் விடுவது ஒரு தீர்வு. நீரிலுள்ள நைட்ரைட்டை கிரீஸ் வினையால் இளஞ்சிவப்பாக்கி அளக்கும் சிப்புகளில் சில சென்டிமீட்டர் நீள ஒளிப்பாதை இப்படித்தான் கிடைக்கிறது. ஒளிர்தலில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் இருட்டுப் பின்னணியில் வெளிச்சத்தைத் தேடுகிறீர்கள். ஆனால் சாயம் ஒட்ட வேண்டும், லேசர், வடிகட்டி, கேமரா எல்லாம் வேண்டும், பிளாஸ்டிக் தானே ஒளிர்ந்து தொலைக்கும்.

மின்வேதி முறை சின்ன அளவுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. மின்முனையைச் சிப்பிலேயே அச்சிடலாம், படிக்கும் கருவியும் உள்ளங்கையில் அடங்கும். இதில் யாரும் சரியாகச் சொல்லித்தராத சங்கதி ஒப்பீட்டு மின்முனை, அதாவது மற்ற மின்முனையின் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது. பெரிய பீக்கரில் நிறைவுற்ற குளோரைடுக் கரைசலுக்குள் நிம்மதியாக இருக்கும் வெள்ளி, வெள்ளிக் குளோரைடு மின்முனையைச் சிப்பில் வெறும் பூச்சாக வைத்தால் மாதிரியின் குளோரைடு மாறும்போதெல்லாம் அதன் மின்னழுத்தமும் மாறும். சென்சாரின் அளவீடு தானாக நகர்கிறது என்று நினைத்துப் பூச்சையும் நொதியையும் மாற்றிப் பார்ப்பார்கள், நகர்வது பெரும்பாலும் ஒப்பீட்டு மின்முனையின் மின்னழுத்தமாக இருக்கும். ஐ-ஸ்டாட் மாதிரியான கையடக்க ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அளவுதிருத்தக் கரைசல் (செறிவு முன்பே தெரிந்தது) ஒரு சிறு பையில் இருக்கிறது. முதலில் அதை அளந்துவிட்டுத்தான் ரத்தத்தை அளக்கும். அந்த யோசனையைத் தாராளமாகத் திருடுங்கள்.

ஓட்டத்தைக் கூட்டினால் சென்சாருக்கு சிக்னலும் கூடுமா?

கூடும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. ஆன்டிபாடி ஒட்டிய பரப்பு தன்னருகே உள்ள மூலக்கூறுகளைப் பிடித்துவிட்டால் அங்கே ஒரு வறண்ட அடுக்கு உருவாகும், அதைக் கடந்துதான் அடுத்த மூலக்கூறு விரவி வர வேண்டும். ஓட்டம் வேகமானால் அந்த அடுக்கு மெலியும். ஆனால் வழக்கமான நிலையில் பரப்பை வந்தடையும் வேகம் ஓட்டத்தின் கனமூலத்தைத்தான் பின்தொடரும்: ஓட்டத்தை 8 மடங்காக்கினால் வரத்து 2 மடங்கு. மாதிரி மட்டும் 8 மடங்கு செலவாகும். மாதிரி அரிதாக இருந்தால் இது மகா நஷ்டம். வாய்க்காலின் உயரத்தைக் குறைப்பது பெரும்பாலும் மேல். அப்புறம், பிணைப்பு வினையே மெதுவானதாக இருந்தால் நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் ஒன்றும் மாறாது.

நானோ கம்பி, கிராஃபீன் என்று மூலக்கூறின் மின்னூட்டத்தை உணரும் டிரான்சிஸ்டர் வகை சென்சாருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரத்தத்தின் உப்புச் செறிவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் 1 நானோமீட்டருக்குள்ளேயே மறைக்கப்பட்டுவிடும். ஆன்டிபாடியின் நீளமே 10 நானோமீட்டருக்கு மேல். அதன் நுனியில் வந்து ஒட்டியது கீழே உள்ள கம்பிக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் பல கட்டுரைகளில் நீர்த்த உப்புக் கரைசலில் அளந்து காட்டுவார்கள்.

எந்தப் பொருளில் சிப் செய்வது?

யோசனையைச் சோதிக்க பிடிஎம்எஸ். அடிப்படைத் திரவமும் இறுக்கியும் 10க்கு 1, அச்சில் ஊற்று, அடுப்பில் வை, உரி, ஆக்சிஜன் பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு, ரத்தப் பிளாஸ்மா அல்ல) காட்டிக் கண்ணாடியில் ஒட்டு. சுலபம். ஆனால் நீர்வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை அது பஞ்சு மாதிரி உள்ளிழுத்துக்கொள்ளும், மருந்துப் பொருள்களை அளக்கும் ஆட்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். டொலுவீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் வீங்கிவிடும். பிளாஸ்மாவால் கிடைத்த நீர்விரும்பும் தன்மையும் கொஞ்ச நாளில் போய்விடும்.

கரைப்பான் என்றால் கண்ணாடி. ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும் என்றால் அச்சு ஊசிமுறையில் பிளாஸ்டிக், அக்ரிலிக்கோ சைக்ளிக் ஓலிஃபின் வகையோ. இங்கே ஒரு எச்சரிக்கை: ரப்பரில் வேலை செய்த வடிவமைப்பு பிளாஸ்டிக்கில் அப்படியே வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். அமுங்கி மூடும் வால்வு இருக்காது, காற்று சுவர் வழியாக வெளியேறாது, ஒட்டும் முறையே வேறு. விற்கும் பொருளாக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது முன்மாதிரிச் சிப்பிலேயே கடைசிப் பொருளுக்கு மாறிவிடுங்கள்.

3டி பிரிண்டர் போதாதா?

உறை, இணைப்பி, அச்சு செய்யப் போதும். வாய்க்காலையே ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) அடிக்க முயன்றால் சில நூறு மைக்ரோமீட்டருக்குக் கீழே இறுகாத ரெசின் உள்ளே சிக்கி அடைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் போடும் பிக்சல் அளவு வேறு, கிடைக்கும் வாய்க்கால் அளவு வேறு. ரெசினிலிருந்து கசிவது செல்களையும் நொதிகளையும் கெடுக்கவும் செய்யும்.

சிப் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சிக்னல் வர இருபது நிமிடம் ஆகிறது, ஏன்?

குழாயைப் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 10 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் சுமார் 20 மைக்ரோலிட்டர் இருக்கும். 100க்கு 100 மைக்ரோமீட்டர் வாய்க்கால் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு 0.2 மைக்ரோலிட்டர்தான். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓட்டினால் மாதிரி சிப்பை எட்டவே இருபது நிமிடம், அதுவும் வழியில் நீண்டு மங்கிப்போய் வரும். குழாயைக் குட்டையாக்குங்கள், மெல்லியதாக்குங்கள், முடிந்தால் மாதிரியை நேராகச் சிப்பின் வாயிலேயே விடுங்கள்.

ரொம்பவும் மெல்லியதாக்கினால் அழுத்தம் எகிறும்: ஆரம் பாதியானால் அதே ஓட்டத்துக்கு 16 மடங்கு அழுத்தம் வேண்டும். சிரிஞ்ச் பம்ப்பில் பெரிய சிரிஞ்சைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் மோட்டாரின் ஒவ்வொரு அடியும் சிக்னலில் அலையாகத் தெரியும், சின்ன சிரிஞ்சுக்கு மாறுங்கள் அல்லது காற்றழுத்தக் கட்டுப்பாட்டுக்குப் போங்கள்.

குமிழி, குமிழி, குமிழி. என்ன செய்வது?

எல்லோரும் அழுகிற விஷயம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைசலில் காற்று அதிகம் கரைந்திருக்கும், சிப்பில் சூடாகும்போது அது வெளியே வரும். ஆகவே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். முதலில் எத்தனாலை ஓட்டி நனைத்துவிட்டு அப்புறம் கரைசலுக்கு மாறினால் மூலைகளில் காற்று தங்காது (நொதி ஒட்டுவதற்கு முன் மட்டும்). கூர்மூலை, திடீர் விரிவு இரண்டையும் வடிவமைப்பிலேயே தவிருங்கள். இணைப்பைத் துண்டித்து மாட்டும்போது இரண்டு முனையிலும் சொட்டு தொங்க வேண்டும், சொட்டும் சொட்டும் தொட்டுச் சேர வேண்டும்.

உண்மையான மாதிரியில் ஏன் எல்லாமே சொதப்புகிறது?

ஏனென்றால் சுத்தமான கரைசலில் உங்கள் மூலக்கூறு மட்டும் இருந்தது. ரத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்கள், மீதியில் ஆல்புமின் முதலான புரதங்கள் ஏராளம். சின்ன வாய்க்காலில் கன அளவை ஒப்பிடும்போது சுவர் மிக அதிகம், அந்தச் சுவரெல்லாம் புரதம் ஒட்டும். பாலிஎத்திலீன் கிளைகால் பூச்சோ ஆல்புமின் பூச்சோ தடுக்கும், முழுதாகத் தடுக்காது. கழிவுநீர், மண்சாறு என்றால் துகள் அடைப்பு, அமில காரத் தன்மை, நிறம் என்று வேறு வரிசை.

காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. அதன் சாமர்த்தியம் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் வினை) மட்டும் இல்லை: பாக்டீரியாவை வடிகட்டிப் பிடிப்பது, கழுவுவது, மீயொலியால் உடைப்பது எல்லாம் உள்ளேயே நடக்கும். அப்படியும் சளியை முதலில் ஒரு கரைசலோடு கையால் கலந்து 15 நிமிடம் வைக்க வேண்டியிருக்கிறது. மாதிரித் தயாரிப்புக்கு எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது பாருங்கள்.

துளிகளாக உடைத்து எண்ணுவது என்கிறார்களே, அது என்ன?

டிஜிட்டல் பிசிஆர். மாதிரியை எண்ணெய்க்குள் சுமார் 1 நானோலிட்டர் அளவில் 20,000 துளிகளாக உடைத்து, ஒவ்வொன்றிலும் டிஎன்ஏவைப் பெருக்கி, ஒளிர்ந்தவை எத்தனை, ஒளிராதவை எத்தனை என்று எண்ணுவது. பாதி ஒளிராமல் இருந்தால் துளிக்குச் சராசரி 0.69 மூலக்கூறு, மொத்தம் ஏறக்குறைய 13,900 என்று கணக்கு வரும், அளவுதிருத்தக் கோடு தேவையில்லை. எல்லாத் துளியும் ஒளிர்ந்துவிட்டால் கணக்கு உடைந்துபோகும், நீர்க்கவைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

கட்டுரைகளில் போடும் கண்டறியும் எல்லையை நம்பலாமா?

எதில் அளந்தார்கள் என்று பாருங்கள். வெற்று மாதிரியின் சிதறலை மூன்றால் பெருக்கி, அளவுதிருத்தக் கோட்டின் சரிவால் வகுத்து ஒரு எண் போடுவது வழக்கம். அந்த வெற்று மாதிரி தூய பஃபராக (அமில காரத் தன்மை மாறாத கரைசல்) இருந்தால் அந்த எண் சீரத்துக்கு (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவம்) பொருந்தாது. எத்தனை தனித்தனிச் சிப்புகளில் அளந்தார்கள், ஒரே சிப்பில் பத்து முறை ஓட்டினார்களா என்பதையும் தேடுங்கள். அப்புறம் மேலே சொன்ன மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கைப் போடுங்கள். எடுத்த கன அளவில் மூன்று மூலக்கூறுகூட இல்லாத செறிவைக் கண்டறிந்ததாகச் சொல்லும் கட்டுரை கையில் அகப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சிப்பைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

அயனி, அமில காரத் தன்மை அளக்கும் கண்ணாடிச் சிப் என்றால் தாராளமாக, ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தம் செய்துவிட்டு. ஆன்டிபாடி ஒட்டியது என்றால் அமிலக் கரைசலால் பிணைப்பை விடுவிக்கலாம், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திறன் குறையும், எத்தனை சுற்று தாங்கும் என்று நீங்களே வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடிய சிப்பைத் தூக்கிப் போடுங்கள், முறைப்படி உயிர்க்கழிவுத் தொட்டியில்.